இஆர்எம்மில் தெரியாத நாரி நோவு

பாரிஸ் புறநகரான பொபினி, லா கூர்நேவ், துரான்சி பக்கத்துத் தமிழ் வீடுகளில் அடிக்கடி கேட்கும் கதை இது. பல வருடம் ரெஸ்ரோறண்ட் குசினியில் நின்று கோப்பை கழுவியவர், அல்லது விடிய நாலு மணிக்கு எழும்பி அலுவலகக் கட்டடங்களில் கிளீனிங் செய்தவர். நாரி நோகிறது, தோள் உழைகிறது, இரவில் கால் எரிகிறது. இரத்தம் சோதித்து, எக்ஸ்ரே எடுத்து, மாதக்கணக்கில் காத்திருந்து இஆர்எம்மும் (எம்ஆர்ஐ) எடுத்தாயிற்று. "பெரிதாக ஒன்றுமில்லை" என்று வைத்தியர் டொலிப்ரான் (பரசிற்றமோல்) எழுதிக் கொடுக்கிறார். கொஞ்ச நாள் கழித்து, ஒரு சிக்கோலோக்கை, அதாவது உளவியலாளரை, போய்ப் பாருங்களேன் என்கிறார். அந்த இடத்தில்தான் பலர் எழும்பி வந்துவிடுகிறார்கள். "நாரி நோகுதெண்டு போனா மனுசன் என்னை விசராக்கிறான்" என்று வீட்டில் வந்து சொல்வார்கள்.

அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் கோபத்தோடு கைவிடப்படும் வைத்தியத்திலும் பயன் இருக்கிறது. இரண்டையும் விளக்கவேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் கோபம். பொபினியின் அவிசென் ஆஸ்பத்திரி உங்களில் பலருக்குத் தெரிந்த இடம். தே1 ட்ராமில் அதன் பெயரிலேயே ஒரு தரிப்பிடம் உண்டு. 1935-இல் அது 'பிராங்கோ-முசுல்மான் ஆஸ்பத்திரி' என்ற பெயரில் திறக்கப்பட்டது. பாரிஸுக்குக் கூலிவேலைக்கு வந்த வட ஆப்பிரிக்க முஸ்லிம்களை நகரின் மற்ற ஆஸ்பத்திரிகளிலிருந்து பிரித்து ஓரிடத்தில் பார்ப்பதற்காகக் கட்டியது. வைத்தியத்தோடு கண்காணிப்பும் நடந்தது. 1978-இல்தான் மருத்துவ மேதை இப்னு சீனாவின் பிரெஞ்சுப் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. அந்தத் தொழிலாளர்கள் வலி என்று சொன்னபோது அவர்களை நம்பாத மருத்துவம் ஒன்று பிரான்ஸில் நீண்டகாலம் இருந்தது. வேலைத்தல விபத்துக்குப் பிறகு வலி தீராமல் முறையிடும் தொழிலாளிக்கு எதுவார் பிரிசோ என்ற பிரெஞ்சு மருத்துவர் 1908-இல் 'சினிஸ்துரோஸ்' என்று ஒரு நோய்ப்பெயரே கொடுத்தார். நட்டஈட்டு நினைப்பில் ஊறிப்போன மனம் என்பது அதன் உட்கருத்து. பின்னாளில் அந்தப் பெயர் குடியேறிகளின் முதுகில் ஒட்டிக்கொண்டது. 1952 பெப்ரவரியில் 'எஸ்ப்ரி' இதழில் பிரான்ஸ் பனோன் என்ற மருத்துவர் எழுதிய 'வட ஆப்பிரிக்க நோய்க்குறி' என்ற கட்டுரை இதைத்தான் தோலுரித்தது. வலி வயிற்றில் என்கிறான், பிறகு தலையில் என்கிறான், சோதித்தால் ஒன்றும் இல்லை, ஆகவே இவன் சோம்பேறி, பொய்யன் என்று முடிவுகட்டும் வைத்தியர்களை அவர் நேரில் கண்டிருந்தார்.

இந்த வரலாறு முழுதாக முடிந்துவிடவில்லை. தெற்கிலிருந்து வந்தவர்கள் வலியைப் பெரிதுபடுத்துவார்கள் என்ற எண்ணத்துக்கு ஆஸ்பத்திரி வட்டாரத்தில் 'மத்தியதரைக்கடல் நோய்க்குறி' என்று இன்றும் ஒரு பேச்சுப்பெயர் இருக்கிறது. எனவே "மனசு சம்பந்தப்பட்டது" என்ற சொல்லை "நீ சொல்வது பொய்" என்று ஒரு தமிழர் எடுத்துக்கொண்டால் அவரைக் குறைசொல்ல முடியாது.

ஆனால் இன்றைய வலி மருத்துவம் அப்படிச் சொல்வதில்லை. வலி ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் 1979-இல் தந்த வரையறையை 2020-இல் திருத்தியபோது, ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அந்தச் சொல்லை மதிக்கவேண்டும் என்று குறிப்பாகவே எழுதிச் சேர்த்தது. திசுவில் காயம் தெரியாவிட்டாலும் வலி வலிதான். மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தாலோ திரும்பத் திரும்ப வந்தாலோ அதை நாட்பட்ட வலி என்கிறார்கள். 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், வேறொரு நோயின் அறிகுறியாக அல்லாமல் தானே ஒரு நோயாக நிற்கும் நாட்பட்ட வலிக்குத் தனி இடம் இருக்கிறது.

எப்படித் தானே ஒரு நோயாக நிற்கும்? கால் கல்லில் இடித்தால் நரம்பு ஒரு செய்தியை முள்ளந்தண்டுக்கு அனுப்புகிறது. அந்தச் செய்தி அப்படியே மூளைக்குப் போய்ச் சேர்வதில்லை; முள்ளந்தண்டில் அதைக் கூட்டவும் குறைக்கவும் வழி இருக்கிறது, மூளையிலிருந்து இறங்கிவரும் கட்டளைகளும் அதில் கைவைக்கின்றன. ரொனால்ட் மெல்சாக், பற்றிக் வோல் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1965-இல் வெளியிட்ட கொள்கை இது. அதற்கு முன்பே, இரண்டாம் உலகப் போரில் ஹென்றி பீச்சர் என்ற அமெரிக்க வைத்தியர் படுகாயமடைந்த சிப்பாய்களைக் கேட்டுப் பார்த்தார். நாலில் மூன்று பங்கினர் வலிக்கு மருந்து வேண்டாம் என்றார்கள். அவர்களுக்குக் காயம் என்பது போர்க்களத்திலிருந்து தப்பிய செய்தி. பாரிஸ் மாணிக்க விநாயகர் தேரில் காவடி எடுப்பவரைப் பார்த்தவர்களுக்கு இதைக் கூடுதலாக விளக்கத் தேவையில்லை.

இதே பொறி எதிர்த்திசையிலும் ஓடும். திருடன் ஒருமுறை வந்துபோன வீட்டு நாய் அதன்பிறகு தபால்காரருக்கும் குரைக்கும், இலை விழுந்தாலும் குரைக்கும். நாயின் குரைப்பு பொய் இல்லை. திருடன்தான் இப்போது இல்லை. நீண்டநாள் வலிபட்ட நரம்பு மண்டலம் அப்படி உசார்நிலையிலேயே நின்றுவிடுகிறது. நித்திரைக் குறைவு, வேலைப் பயம், ஊரில் நடந்தவை, பொபினி பிரிபெக்சரில் வதிவிடக் காட் புதுப்பிக்க மாதக்கணக்கில் காத்திருக்கும் பதற்றம் எல்லாம் அந்த உசாரை இன்னும் கூட்டும்.

இஆர்எம் படமும் நம்மைக் குழப்பும். நாரி நோவே இல்லாத 3110 பேரின் படங்களைத் தொகுத்துப் பார்த்த 2015-ஆம் ஆண்டு ஆய்வொன்றில், 50 வயதுக்காரரில் 80 வீதத்தினருக்கு முள்ளந்தண்டுத் தட்டுத் தேய்மானம் இருந்தது. 20 வயதுக்காரரிலேயே 37 வீதம். தட்டுத் தேய்ந்திருக்கிறது என்று அறிக்கையில் இருந்தாலும் உங்கள் வலிக்கு அதுதான் காரணம் என்று ஆகாது. அறிக்கை சுத்தமாக இருந்தாலும் வலி இல்லை என்று ஆகாது.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லவேண்டும். சலம், மலம் அடக்க முடியாமல் போதல், தொடையிடுக்கில் விறைப்பு, திடீரென்று காலில் பலம் இழத்தல், இவை நாரி நோவோடு சேர்ந்து வந்தால் அவசர எண் 15-ஐ அழையுங்கள். காய்ச்சலோ காரணமில்லாமல் உடல் மெலிவதோ சேர்ந்தால் வைத்தியரிடம் தள்ளிப்போடாமல் போங்கள். கீழே எழுதப்போகும் எதுவும் அந்தச் சோதனைகளுக்குப் பதில் ஆகாது.

இனி சிகிச்சைகள். அதிகம் சோதிக்கப்பட்டது எண்ணமும் நடத்தையும் சார்ந்த சிகிச்சை. குனிந்தால் முள்ளந்தண்டு உடைந்துவிடும் என்ற பயம், பயத்தால் அசையாமை, அசையாமையால் தசை இளகிப்போய் இன்னும் வலி என்ற வட்டத்தை ஒவ்வொரு கண்ணியாகக் கழற்றுவார்கள். 2020-இல் கொக்ரேன் அமைப்பு 75 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, இதனால் பயன் உண்டு, ஆனால் சிறிய பயன் என்று முடிவு சொன்னது. சிறியது என்பதை மறைத்து யாரும் உங்களுக்கு இதை விற்கக்கூடாது. அதேநேரம் மாத்திரைகளின் கணக்கும் பெரிதாக இல்லை. இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2021-இல், வேறு காரணம் காணாத நாட்பட்ட வலிக்குப் பரசிற்றமோலையோ அபின்வகை மருந்துகளையோ புதிதாகத் தொடங்கவேண்டாம், உடற்பயிற்சியையும் இத்தகைய உளச்சிகிச்சைகளையும் கொடுங்கள் என்று வழிகாட்டியது.

வலியோடு சண்டையிடுவதை நிறுத்தி, வலி இருக்கும்போதே வாழ்க்கைக்கு முக்கியமானதைச் செய்யப் பழக்கும் ஏற்புச் சிகிச்சை இன்னொன்று. இதில் எனக்கு ஒரு கவலை உண்டு. முதலாளி ஓர் ஆளுக்கு மூன்று மாடி கொடுத்துத் துடைக்கச் சொல்லும்போது, தொழிலாளியிடம் போய் 'ஏற்றுக்கொள்' என்பது அநியாயம். அங்கே முதலில் பார்க்கவேண்டியவர் வேலைத்தல வைத்தியர், மெதுசன் து திரவாய். பாரம் தூக்கக்கூடாது, வேலை இடத்தை மாற்றவேண்டும் என்று அவர் எழுதிக் கொடுக்கலாம். உடம்பு தேறும்வரை உங்கள் வைத்தியர் மூலம் குறைந்த மணிநேர வேலைக்கும் வழி உண்டு. உளச்சிகிச்சை அதற்குப் பக்கத்தில் வரவேண்டியது.

தியானத்தைக் கையில் எடுத்த முறை நமக்கு அந்நியமாகத் தெரியாது. 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெற்ஸ் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் ஜோன் கபாற்-சின் தொடங்கிய எட்டுக் கிழமைப் பயிற்சிக்கு முதலில் வந்தவர்களில் நாட்பட்ட வலிக்காரர் நிறையப்பேர். மூச்சைக் கவனிப்பது, உடம்பை உச்சி முதல் உள்ளங்கால் வரை மனதால் தடவிப்போவது, மெல்லிய யோகாசனம். 2016-இல் 342 நாரி நோவுக்காரரை வைத்துச் செய்த ஆய்வில், ஆறு மாதத்தில் இந்தப் பயிற்சி பெற்றவர்களில் சுமார் 60 வீதத்தினருக்கு அன்றாட அசைவில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம். எண்ண-நடத்தைச் சிகிச்சையில் 58 வீதம். வழக்கமான வைத்தியத்தில் 44 வீதம். ஆனால் தடுப்புக்காவலில் அடிபட்டவருக்குக் கண்ணை மூடி உடம்பைக் கவனிக்கச் சொன்னால் பழைய அறையே திரும்பி வரக்கூடும். அப்படியானால் கண்ணைத் திறந்தபடியே செய்யலாம், நடந்தபடி செய்யலாம். சொல்லிக்கொடுப்பவரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவைப்பது நல்லது.

ஹிப்னோசிஸ் பிரான்ஸ் ஆஸ்பத்திரிகளில் சாதாரணமாகப் பயன்படுகிறது. மேடை வித்தை என்று பயப்படவேண்டாம். 1997-இல் மொன்றியாலில் சுடுநீரில் கைவைத்தவர்களுக்கு ஹிப்னோசிஸ் வழியாக 'வேதனை குறைகிறது' என்று சொல்லிப் பார்த்தபோது, வேதனையோடு தொடர்புள்ள மூளைப்பகுதியின் செயற்பாடே மாறியதைப் படம்பிடித்துக் காட்டினார்கள். ஆனால் இது பேச்சால் நடக்கும் வைத்தியம். அரைகுறையாக விளங்கும் மொழியில் எடுத்தால் பலனும் அரைகுறைதான். கண்ணசைவோடு நினைவை மீட்டிச்செய்யும் இஎம்டிஆர், போரும் வதையும் விட்டுச்சென்ற மனவடுவுக்கு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த ஒன்று. வலிக்கென்று தனியே எடுத்தால் அதற்கான சான்று மெலிது.

கடந்த சில வருடங்களில் அதிகம் பேசப்படுபவை இரண்டு. ஒன்று வலியை மீள்விளங்கிக்கொள்ளும் சிகிச்சை. அமெரிக்காவில் 151 பேரிடம் சோதித்து 2021-இல் வெளியிட்டார்கள். நான்கு கிழமைச் சிகிச்சையின் முடிவில், பெற்றவர்களில் 66 வீதம் பேர் வலி இல்லை அல்லது இல்லாத மாதிரி என்றார்கள். வெறும் ஊசி என்று தெரிந்தே போட்டுக்கொண்டவர்களில் 20 வீதம், வழக்கமான வைத்தியத்தில் இருந்தவர்களில் 10 வீதம். வியப்பான எண்கள்தான். ஆனால் அவர்கள் பெரும்பாலும் படித்தவர்கள், நடமாட்டம் உள்ளவர்கள், வலியும் நடுத்தர அளவு. குசினியில் நாளுக்குப் பத்து மணிநேரம் நிற்பவருக்கு அதே பலன் கிடைக்கும் என்று நான் எழுதமாட்டேன்.

மற்றது அடக்கி வைத்த கோபம், துக்கம், குற்றவுணர்வு ஆகியவற்றை வெளியே பேசவைக்கும் உணர்ச்சி விழிப்புச் சிகிச்சை. 2024-இல் வெளிவந்த ஆய்வில் 126 முதிய முன்னாள் இராணுவத்தினர் பங்கெடுத்தார்கள். வலி முப்பது வீதமாவது குறைந்தவர்கள் இதில் 63 வீதம், எண்ண-நடத்தைச் சிகிச்சையில் 17 வீதம். போரைப் பார்த்திருக்கக்கூடிய உடம்புகள் அவை என்பதால் நம்மவர்களுக்கு இதில் ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் வதைபட்டவர்களின் வலியைப் பற்றிய ஆய்வு வெட்கப்படும் அளவுக்குக் குறைவு. 2017-இல் கொக்ரேன் தேடியபோது கிடைத்தவை மூன்று சிறிய ஆய்வுகள், மொத்தம் 88 பேர். உள்ளங்காலில் அடிபட்டவர், கைகட்டித் தொங்கவிடப்பட்டவர், செல்துண்டு இன்னும் உடம்பில் இருப்பவர் என்று நம்மிடையே எத்தனையோ பேர். இவர்களுக்கு உடல் வைத்தியத்தையும் மன வைத்தியத்தையும் பிரிக்காமல் செய்யும் இடங்கள் பாரிஸ் பகுதியில் உண்டு. 1979 முதல் இயங்கும் கொமேத் அமைப்பு கிரெம்லின்-பிசேத்ர் ஆஸ்பத்திரி வளாகத்தில் அகதிகளைப் பார்க்கிறது. அதன் நோயாளர்களில் இலங்கையர் பல வருடங்களாக இருந்திருக்கிறார்கள். 1995-இல் தொடங்கிய பிரிமோ லெவி நிலையத்தில் வைத்தியர், உளவியலாளர், உடற்பயிற்சி வைத்தியர் ஒரே கூரையின் கீழ் மொழிபெயர்ப்பாளரோடு வேலை செய்கிறார்கள். பொபினியிலேயே, அவிசென் ஆஸ்பத்திரியைத் தளமாகக் கொண்டு வட பாரிஸ் பகுதிக்கான உளவடு மையம் இயங்குகிறது.

அவிசெனின் பெயர் உளமருத்துவ உலகில் அறியப்பட்டது வேறொன்றால். 1979-இல் உளவியலாளர் தோபி நத்தான் அங்கே ஒரு புதுவகைச் சிகிச்சையைத் தொடங்கினார். பின்னர் உளமருத்துவர் மரி ரோஸ் மொரோ அதை வளர்த்தார். நோயாளி தனியே அல்ல, குடும்பத்தோடு வரலாம். எதிரே பல நாடுகளைச் சேர்ந்த சிகிச்சையாளர்கள் வட்டமாக இருப்பார்கள், கூடவே மொழிபெயர்ப்பாளர். "ஊரில் உங்கள் பெரியவர்கள் இந்த நோவுக்கு என்ன காரணம் சொல்வார்கள்?" என்பது போன்ற கேள்விகளும் அங்கே மருத்துவக் கேள்விகள்தான். செய்வினை, நாவூறு, சனி என்று சொன்னாலும் சிரிக்கமாட்டார்கள். குடியேறியவரை அவருடைய பண்பாட்டுக்குள்ளேயே பூட்டிவிடுகிறார் என்று நத்தானை மானிடவியலாளர் தீதியே பசன் போன்றவர்கள் கடுமையாக விமர்சித்தார்கள். அந்த விமர்சனத்தில் பாதி சரி என்றே நினைக்கிறேன்: நாரி நோவுக்குக் காரணம் நாவூறு மட்டும் அல்ல, சம்பளமும் வீட்டு வாடகையும்கூட. இது வலிக்கென்றே உள்ள கிளினிக்கும் அல்ல. ஆனால் உங்கள் மொழியில், உங்கள் விளக்கத்தோடு தொடங்கும் பேச்சு ஒன்று சாத்தியம் என்பதைக் காட்டிய இடம் அது.

யாழ்ப்பாணத்தில் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போர்க்காலத்தில் வேறு திசையிலிருந்து அதே இடத்துக்கு வந்தார். அவரிடம் வந்தவர்கள் பலர் மனத்துயரைச் சொல்லவில்லை. உடம்பு நோவையே சொன்னார்கள். அவரும் கூட இருந்தவர்களும் மூச்சுப் பயிற்சி, சாந்தி ஆசனம், எண்ணெய் தேய்த்தல் ஆகியவற்றோடு, சைவருக்கு ஓம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்குத் திக்ர் என்று அவரவர் பழகிய சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லும் முறையைச் சிகிச்சையில் சேர்த்தார்கள். அதற்குக் காசு வேண்டாம், பிரெஞ்சும் வேண்டாம். இரவில் நித்திரை வராமல் புரளும் நேரத்தில் செய்து பார்க்கலாம்.

சரி, எங்கே தொடங்குவது? உங்கள் வழக்கமான வைத்தியரிடம், அதாவது மெதுசன் திரெத்தோனிடம். 'சொந்த்ர் ஓன்ரி-தூலேர்' என்ற வலி நிலையத்துக்குக் கடிதம் கேளுங்கள். வலிக்குச் சிகிச்சை பெறுவது பிரான்ஸில் 2002 மார்ச் 4-ஆம் திகதிச் சட்டம் தந்த உரிமை. அங்கே வைத்தியரும் உளவியலாளரும் சேர்ந்து பார்ப்பார்கள். காத்திருப்பு மாதக்கணக்கில் இருக்கும். அதனால் இன்றே பெயர் கொடுப்பது நல்லது. வீட்டு விலாசத்துக்குரிய செஎம்பே உளநல நிலையத்தில் பணம் கட்டத் தேவையில்லை. பிரெஞ்சு பேசக்கூடிய பிள்ளைகளுக்கு 'மோன் சுத்தியன் ப்சி' திட்டத்தில் வருடத்துக்குப் பன்னிரண்டு அமர்வு உண்டு. அமர்வுக்கு 50 யூரோ, அதில் 60 வீதத்தைச் சோசியலும் (அரச மருத்துவக் காப்புறுதி) மிச்சத்தைப் பொதுவாக முற்றுவெலும் (மேலதிகக் காப்புறுதி) திருப்பிக் கொடுக்கும். 2024 முதல் அதற்கு வைத்தியரின் கடிதமும் தேவையில்லை.

ஆஸ்பத்திரிக்கு ரொந்தேவு எடுக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். தொலைபேசி வழியாகவும் ஒழுங்குசெய்வார்கள். பன்னிரண்டு வயது மகளைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். இராணுவ முகாமில் நடந்ததை எந்தத் தகப்பனும் பிள்ளையின் வாயால் சொல்லமாட்டார். சொல்லாவிட்டால் வைத்தியருக்குத் தெரிவது நாரி மட்டும்தான்.

தனியாரிடம் போவதானால் கதவில் உள்ள பெயர்ப்பலகையைக் கவனியுங்கள். 'சிக்கோலோக்' என்ற பட்டம் 1985 முதல் சட்டப் பாதுகாப்புள்ளது, படிக்காதவர் போடமுடியாது. 'சிக்கோபிரத்திசியன்', 'இப்னோதெராப்பத்' என்பவற்றை யாரும் போடலாம். லாச்சப்பல் மெட்ரோ வாசலில் கையில் திணிக்கப்படும் துண்டுகளில் மூன்று நாளில் நோவு போகும் என்று எழுதியவர் ஆயிரம் யூரோ கேட்டால் திரும்பி வாருங்கள். உங்கள் வைத்தியரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்து என்று சொல்பவர் யாராயிருந்தாலும் அவரிடம் இரண்டாம் முறை போகாதீர்கள். நோயாளியை வைத்தியத்தைக் கைவிடத் தூண்டுவது 2024 மே மாதச் சட்டத்தின்படி குற்றமாகலாம்.

தொடங்கிய பிறகு, பத்துக்கு எத்தனை வலி என்ற எண்ணை மட்டும் வைத்து அளக்கவேண்டாம். அந்த எண் குறைய நாளெடுக்கலாம். எத்தனை மணிநேரம் நித்திரை வந்தது, சாமான் பையோடு எத்தனை படி ஏறினீர்கள், கோயிலில் பூசை முடியும்வரை நிலத்தில் இருக்க முடிந்ததா என்று ஒரு கொப்பியில் கிழமைக்கு ஒருமுறை எழுதுங்கள். நல்ல நாளில் எல்லா வேலையையும் ஒரேயடியாகச் செய்து அடுத்த மூன்று நாள் படுக்கையில் கிடப்பதும் அந்தக் கொப்பியில் தெரியவரும். உளவியலாளர் முதலில் திருத்தப் பார்ப்பது பெரும்பாலும் அதைத்தான். எட்டுப் பத்து அமர்வுக்குப் பிறகும் கொப்பியில் ஒன்றும் அசையவில்லை என்றால் அதை அவரிடமே காட்டி, இந்த முறை எனக்குச் சரிவரவில்லை, வேறு என்ன இருக்கிறது என்று கேளுங்கள். நல்ல சிகிச்சையாளர் அதற்குக் கோபிக்கமாட்டார். அடுத்த வழியைச் சொல்லவேண்டியது அவருடைய வேலை.